நிற வைரம் வாங்கும் முன்: கல் இயற்கையா, நிறம் இயற்கையா?

மஞ்சள், ரோஸ், நீலம், கருப்பு என்று நிறமுள்ள வைரங்கள் நம் ஊர் நகைக்கடைகளிலும் இடம்பிடித்துவிட்டன. அவற்றை வாங்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அரை காரட் நீல வைர மோதிரம் ஒன்று பார்த்தேன். 'நூறு சதவீதம் இயற்கை வைரம்' என்கிறார் கடைக்காரர். ஆனால் அதே எடையுள்ள வெள்ளை வைரத்தைவிட விலை குறைவாக இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
— வாசகி, திருப்பூர்

கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர் பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார். நிற வைரம் என்றால் கேட்க வேண்டியவை இரண்டு. கல் இயற்கையா? நிறம் இயற்கையா? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வர வேண்டும்.

பூமிக்குள் விளைந்த வைரம்தான், ஆனால் பழுப்பேறியது. வெள்ளைக் கல் என்று விற்கத் தோதில்லை. அதை எலக்ட்ரான் கற்றையில் வைத்துக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். உள்ளே கார்பன் அணுக்கள் தம் இடத்தைவிட்டு நகர்கின்றன. அந்தக் காலியிடங்கள் ஒளியின் சிவப்புப் பகுதியை விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்குக் கல் பச்சையாகவோ நீலமாகவோ தெரிகிறது. அதன்பின் சூடேற்றினால் மஞ்சளாகும், ஆரஞ்சாகும். சில வகைக் கற்கள் ரோஸ் நிறமும் பெறும். இப்படிச் செய்த கல்லை 'இயற்கை வைரம்' என்று சொன்னால் சட்டென்று மறுக்க முடியாது. நிறம் மட்டும் மனிதன் கொடுத்தது.

இயற்கையான நீலத்துக்குக் காரணம் போரான். கார்பன் அணுக்களுக்கு நடுவே மிகச் சிறிய அளவில் போரான் கலந்தால்தான் அந்த நீலம் வரும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹோப் வைரம் அப்படிப்பட்டது. எடை 45.52 காரட். ஆந்திராவில் கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த கொல்லூர் சுரங்கத்தில் கிடைத்த கல்லிலிருந்து வந்தது என்று கருதப்படுகிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இயற்கை நீலம் வெள்ளையைவிட மலிவாக வராது. வெள்ளையின் பக்கத்தில்கூட வராது, பல மடங்கு மேலே போகும். ஆகவே நீங்கள் பார்த்தது கதிர்வீச்சு கொடுத்த கல்லாகவோ, மேலே பூச்சு பூசிய கல்லாகவோ, ஆய்வகத்தில் வளர்த்த கல்லாகவோ இருக்கும்.

அழகுக்காக வாங்குவதாக இருந்தால் இந்த மூன்றில் எதை வாங்கினாலும் தவறில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்குங்கள். 'கல், நிறம் இரண்டுமே இயற்கை என்று பில்லில் எழுதித் தருவீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் தயங்கினால் அதுவே உங்களுக்குப் பதில்.

கடையில் வைர டெஸ்டர் வைத்துப் பார்த்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது. அது போதாதா?
— வாசகர், ஈரோடு

போதாது. பேனா போன்ற அந்தக் கருவி கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்பதை மட்டும் பார்க்கிறது. கதிர்வீச்சு கொடுத்த வைரமும், பூச்சு பூசிய வைரமும், ஆய்வக வைரமும் வைரம்தான் என்பதால் எல்லாமே அதில் தேறிவிடும். சூட்டை மட்டும் பார்க்கும் கருவியில் வைரம்போலவே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்கூடப் பெரும்பாலும் தேறிவிடும். அதைப் பிடிக்கத்தான் மின்கடத்தலையும் சேர்த்துச் சோதிக்கும் கருவிகள் வந்தன. அங்கே தலைகீழான ஒரு சிக்கல் உண்டு: போரான் உள்ள உண்மையான நீல வைரம் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் விலை உயர்ந்த இயற்கை நீலக் கல்லையே கருவி 'மொய்சனைட்' என்று காட்டக்கூடும். நிறம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் பேனா கிடையாது. அதற்கு ஆய்வகத்தில் நிறமாலைக் கருவி வேண்டும்.

கல்லைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது நாமே கண்டுபிடிக்கக்கூடிய அறிகுறி ஏதும் உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

சில உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று கையில் இருக்கட்டும். முதலில் கடையின் ஸ்பாட் லைட்டைவிட்டு நகருங்கள். நேரடி வெயில் படாத சன்னலோரப் பகல் வெளிச்சம்தான் நல்லது. மஞ்சள் கலந்த பல்புக்கடியில் மஞ்சள் வைரம் இருப்பதைவிட ஆழமாகத் தெரியும்.

பூச்சைத் தேடுவது இப்படி. பூச்சைப் பெரும்பாலும் கல்லின் அடிப்பக்கத்தில், கூம்பாக இறங்கும் பகுதியில்தான் பூசுவார்கள். கல்லைக் கவிழ்த்து, விளக்கின் ஒளி அடிப்பட்டைகளில் கண்ணாடிபோல் மின்னும்வரை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே லூப்பில் பாருங்கள். மழை ஈரமான தரையில் பெட்ரோல் சிந்தினால் ஒரு வானவில் பளபளப்பு படருமே, அது பட்டையின்மேல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பட்டைகள் சந்திக்கும் ஓரங்களில் மயிரிழைக் கீறல்களும், நிறம் உரிந்து வெள்ளையாகத் தெரியும் புள்ளிகளும் இருந்தால் அது பூச்சுதான். வைரத்தில் வீட்டுப் பொருள் எதுவும் கீறல் போடாது, அதன்மேல் பூசியதில் போடும்.

கதிர்வீச்சுக்கு வேறு சோதனை. நகையில் பதிக்காத உதிரிக் கல்லாக இருந்தால்தான் இது சரிப்படும். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, மேல்தட்டு கீழே இருக்கும்படி கல்லைப் போட்டு மேலிருந்து பாருங்கள். நிறம் கல் முழுக்கச் சீராகப் பரவாமல் அடிமுனையைச் சுற்றித் திரண்டிருந்தாலோ, விரித்த குடைபோல் ஒரு வடிவம் தெரிந்தாலோ அது செயற்கையாக ஏற்றிய நிறம். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் நிறமேற்றிய பழைய கற்களில் இந்தக் குடை தெளிவாகத் தெரியும். இப்போதைய எலக்ட்ரான் முறையில் நிறம் ஆழமாக இறங்கிவிடுவதால் பல கற்களில் எதுவும் தெரியாது. அறிகுறி தெரிந்தால் அந்தக் கல் சந்தேகத்துக்குரியது. தெரியாவிட்டால் கல் நல்லது என்று ஆகிவிடாது. ஆய்வக அறிக்கை கட்டாயம் வேண்டும்.

மஞ்சள் வைர மோதிரம். 'ஃபேன்சி யெல்லோ' என்று சொல்லி விலை கூட்டுகிறார்கள். பக்கத்துக் கடையில் அதேபோல் மஞ்சளாக இருக்கும் கல் பாதி விலைக்குக் கிடைக்கிறது. என்ன வித்தியாசம்?
— வாசகி, காரைக்குடி

நம் ஊரில் அதிகம் விற்கும் நிற வைரம் மஞ்சள்தான், அதிகக் குழப்பமும் அதில்தான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வெள்ளை வைரத்தின் நிறத்தை டி முதல் இசட் வரை எழுத்துகளால் குறிக்கிறார்கள். டி என்றால் துளி நிறமில்லை. எழுத்து இறங்க இறங்க மஞ்சளோ பழுப்போ சாம்பலோ கூடும், விலை குறையும். இசட் தாண்டியதும் கணக்கு திரும்பிவிடும். அங்கிருந்து 'ஃபேன்சி' எல்லை. நிறம் கூடக் கூட விலையும் ஏறும். ஆகவே 'ஒய்–இசட்' என்று அறிக்கையில் உள்ள கல் வெள்ளை வரிசையின் கடைசிப் படி, 'ஃபேன்சி லைட் யெல்லோ' நிற வரிசையின் ஆரம்பப் படி. கண்ணுக்கு இரண்டுக்கும் அதிக வித்தியாசம் தெரியாது. விலையில் தெரியும்.

இன்னொரு நுட்பம். டி–இசட் கற்களைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஃபேன்சி கற்களை நேராக, முகம் மேலே இருக்கப் பார்ப்பார்கள். அதனால்தான் பட்டை தீட்டுகிறவர்கள் மஞ்சள் கல்லை ரேடியன்ட், குஷன் வடிவங்களில் வெட்டுகிறார்கள். இந்த வடிவங்களில் ஒளி உள்ளே அதிக தூரம் சுற்றி வருவதால் முகத்தில் நிறம் திரண்டு நிற்கும். வட்ட பிரில்லியன்ட்டாக வெட்டினால் ஒய்–இசட் தரம் பெறக்கூடிய பட்டை தீட்டாத கல், ரேடியன்ட்டாக வெட்டினால் 'ஃபேன்சி லைட்' ஆகிவிடலாம். இது ஏமாற்று வேலை கிடையாது, கைத்திறன். ஆனால் வட்டமான ஃபேன்சி மஞ்சள் ஏன் அரிது, ஏன் விலை அதிகம் என்பதற்குப் பதில் இதில் இருக்கிறது.

ஏமாற்று எங்கே வருகிறது? பதிப்பில். யு, வி, டபிள்யூ தரமுள்ள வெளிர்மஞ்சள் கல்லை மஞ்சள் தங்கக் கிண்ணத்தில், மஞ்சள் தங்கக் கொக்கிகளோடு பதித்தால், தங்கத்தின் நிறம் கல்லுக்குள் எதிரொளித்து ஃபேன்சி மஞ்சள்போலத் தெரியும். அடிப்பக்கம் மூடிய பதிப்பென்றால் சொல்லவே வேண்டாம். கல்லுக்கு அடியில் நிறத்தாள் வைத்துப் பதிப்பது பழைய வழக்கம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல்லைப் பக்கவாட்டில் பாருங்கள். முகத்தில் எலுமிச்சை நிறம், பக்கத்தில் கிட்டத்தட்ட வெள்ளை என்றால் நிறத்தின் பெரும்பகுதி தங்கத்துடையது. உதிரிக் கல்லாக வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பதிக்கச் சொல்வதே உத்தமம். வைரங்களுக்குத் தர அறிக்கை தரும் அமெரிக்க ஆய்வகமான ஜிஐஏ நிறத் தரம் கொடுப்பதும் உதிரிக் கல்லுக்கு மட்டும்தான்.

ஜிஐஏ அறிக்கையில் 'ஃபேன்சி பிரவுனிஷ் பிங்க்' என்று இருக்கிறது. 'ஃபேன்சி இன்டென்ஸ் பிங்க்' என்று இன்னொரு கல். இந்த வார்த்தைகளை எப்படிப் படிப்பது?
— வாசகர், கொழும்பு

கடைசி வார்த்தையில் தொடங்குங்கள். அதுதான் முதன்மை நிறம். 'பிரவுனிஷ் பிங்க்' என்றால் ரோஸ் நிறக் கல், அதில் பழுப்புச் சாயை. 'பிங்கிஷ் பிரவுன்' என்றால் பழுப்புக் கல், அதில் ரோஸ் சாயை. வார்த்தைகள் இடம் மாறினால் விலை எங்கோ போய்விடும். விற்பவர் வாயால் சொல்லும்போது இரண்டையும் 'பிங்க்' என்றுதான் சொல்வார், எழுத்தைப் படியுங்கள். ரோஸில் பழுப்புச் சாயை விலையை இறக்கும், ஊதாச் சாயை பொதுவாக விரும்பப்படும்.

முன்னால் வரும் சொல் நிறத்தின் அடர்த்தி. ஃபெயின்ட், வெரி லைட், லைட், ஃபேன்சி லைட், ஃபேன்சி, ஃபேன்சி இன்டென்ஸ், ஃபேன்சி விவிட் என்று ஏறும். ஆழ்ந்த நிறங்களுக்கு ஃபேன்சி டீப், ஃபேன்சி டார்க். சிவப்புக்கும் கருப்புக்கும் இந்தப் படிகள் கிடையாது, 'ஃபேன்சி ரெட்', 'ஃபேன்சி பிளாக்' மட்டும்தான். வெளிறிய சிவப்பு என்றால் அது பிங்க் என்ற பெயருக்குப் போய்விடுகிறது.

இதற்கெல்லாம் முன்பு பார்க்க வேண்டிய வரி 'ஆரிஜின்' என்பது. நிறத்தின் மூலத்தைச் சொல்லும் அந்த வரியில் 'நேச்சுரல்' என்று இருக்க வேண்டும். பதப்படுத்திய கல்லென்றால் அறிக்கை அதைச் சொல்லிவிடும். சில பச்சைக் கற்களுக்கு 'மூலத்தை உறுதிப்படுத்த முடியவில்லை' என்ற பொருளில் 'அன்டிடர்மின்ட்' என்று வரும். பச்சை நிறம் பூமிக்குள்ளும் கதிர்வீச்சால்தான் உண்டாகிறது, ஆலையிலும் கதிர்வீச்சால்தான் உண்டாகிறது; பிரித்துச் சொல்வது ஆய்வகத்துக்கே கடினம். பச்சை வைரத்தை அறிக்கை இல்லாமல் தொடவே வேண்டாம்.

தெளிவுத் தரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். வெள்ளை வைரத்தில் விவிஎஸ் (உள்குறை மிக மிக நுண்ணியது) கேட்டுப் பழகியவர்கள் நிற வைரத்திலும் அதையே தேடுவார்கள். இங்கே பணம் நிறத்துக்குத்தான். லேசான உள்குறை உள்ள எஸ்ஐ கல்லில் நிறம் நன்றாக இருந்தால் விவிஎஸ் கல்லின் மங்கிய நிறத்தைவிட அதைத்தான் எடுப்போம். விளிம்புவரை ஓடும் விரிசல் மட்டும் இருக்கக்கூடாது.

பாட்டி கொடுத்த ஏழு கல் தோடு 'ப்ளூ ஜாகர்' என்று சொல்வார்கள். அது நீல வைரமா? விலை அதிகமா?
— வாசகி, கும்பகோணம்

பெயரில் நீலம் இருந்தாலும் அது நிற வைரம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த வியாபாரச் சொல் இது. அங்கே கிடைத்த நல்ல வெள்ளைக் கற்களில் பல, புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். சூரிய ஒளியிலும் புற ஊதாக் கதிர் இருப்பதால் வெயிலில் அந்தக் கல் லேசான நீலச் சாயையுடன் 'நீரோட்டம்' காட்டும். தமிழ்நாட்டில் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் இதைத் தேடி வாங்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது.

அறிக்கையில் 'ப்ளூ ஜாகர்' என்று எந்தத் தரமும் வராது. நிறம் டி, ஈ அல்லது எஃப் என்றும், இந்த ஒளிர்வைக் குறிக்கும் ஃப்ளூரசன்ஸ் 'ஸ்ட்ராங் ப்ளூ' என்றும் இருந்தால் பழைய வியாபாரிகள் சொல்லும் கல் அதுதான். வெளிநாட்டுச் சந்தையில் பலமான ஃப்ளூரசன்ஸ் உள்ள வெள்ளைக் கல்லுக்கு விலையைக் குறைப்பார்கள், நம் ஊரில் கூட்டுவார்கள். விற்க நினைத்தால் இங்கே விற்பதுதான் லாபம். நல்ல வெள்ளைக் கல் எதையும் 'ப்ளூ ஜாகர்' என்று அழைக்கும் வழக்கமும் பரவிவிட்டது. இருட்டு அறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். ஏழு கல்லும் ஒரே அளவு நீலமாக ஒளிர்ந்தால் அந்தக் காலத்தில் கல் பொறுக்கிச் சேர்த்தவர் தேர்ந்த கை என்று புரிந்துகொள்ளலாம்.

மகளுக்கு ரோஸ் நிற வைரம் வேண்டுமாம். ஆய்வகத்தில் வளர்த்தது மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
— வாசகர், சேலம்

அணிந்து மகிழ்வதற்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். கடினத்தில், அடர்த்தியில், ஒளி விலகலில் இயற்கைக் கல்லும் ஆய்வகக் கல்லும் ஒன்றே.

நிறம் வந்த வழிதான் வேறு. இயற்கை ரோஸுக்கு வெளியிலிருந்து கலந்த தனிமம் எதுவும் காரணமில்லை. பூமிக்குள் ஏற்பட்ட அழுத்தத்தில் கல்லின் அணு அடுக்கே வளைந்து நழுவியிருக்கிறது, அந்த நழுவலின் விளைவுதான் நிறம். உலகின் ரோஸ் வைரத்தில் சுமார் 90 சதவீதத்தைத் தந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020 நவம்பரில் மூடப்பட்டது. அதனால் இயற்கைக் கல் இன்னும் அரிதாகிவிட்டது. ஆய்வக ரோஸ் பெரும்பாலும் சிவிடி முறையில், அதாவது வாயுவிலிருந்து கார்பனைப் படியவைத்து வளர்த்து, கதிர்வீச்சு கொடுத்து, பின் சூடேற்றியது. ஆய்வக மஞ்சளுக்கு நைட்ரஜனையும் நீலத்துக்குப் போரானையும் வளரும்போதே சேர்க்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது மறுவிற்பனை. ஆய்வகக் கல்லின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வந்திருக்கிறது. திருப்பி எடுப்பார்களா, எத்தனை சதவீதத்துக்கு என்று பில்லில் எழுதி வாங்காவிட்டால் தங்கத்துக்கு மட்டும்தான் காசு வரும். இரண்டாவது, சுற்றிலும் பதிக்கும் பொடிக் கற்கள். நடுக்கல்லுக்கு அறிக்கை இருக்கும். ஒரு சென்ட் (காரட்டில் நூறில் ஒரு பங்கு), இரண்டு சென்ட் பொடிக் கற்களுக்குத் தனித்தனியாக அறிக்கை வாங்குவது கட்டுப்படியாகாது. இயற்கை மஞ்சள் பொடிக் கற்களின் பொட்டலத்தில் ஆய்வகக் கற்களைக் கலந்துவிடுவது வியாபாரத்தில் நடந்திருக்கிறது. 'பொடிக் கற்களை மெஷினில் ஸ்கிரீனிங் செய்தீர்களா?' என்று கேளுங்கள். பெரிய கடைகளில் அந்தக் கருவி இருக்கும், உங்கள் கண் முன்னாலேயே வைத்துக் காட்டச் சொல்லலாம்.

வெறுமனே 'வைரம்' என்று எழுதினால் அது இயற்கை வைரத்தை மட்டுமே குறிக்கும் என்பது ஐஎஸ்ஓ 18323 தரநிலை. ஆய்வகக் கல் என்றால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

கருகமணிக்குப் பதிலாகக் கருப்பு வைர மணி கோத்த சங்கிலி வாங்க ஆசை. கருப்பு வைரம் உண்மையிலேயே வைரமா?
— வாசகி, ஆம்பூர்

வைரம்தான். ஆனால் காகபாதம், விந்து, களங்கம் என்று நம் முன்னோர் வைரத்தின் குற்றங்களாகப் பட்டியலிட்டவை அத்தனையும் ஒன்றாகக் கூடி நிற்கும் கல். உள்ளே கிராஃபைட் துகள்களும் நுண்ணிய விரிசல்களும் நிறைந்திருப்பதால்தான் ஒளி ஊடுருவாமல் கருப்பாகத் தெரிகிறது.

மணிகளாகக் கோத்து விற்கும் கருப்பு வைரம் ஏறத்தாழ எல்லாமே பதப்படுத்தியதுதான். விரிசல் நிறைந்த சாம்பல் நிறக் கற்களை மிகுந்த சூட்டில் வைத்து, விரிசல்களுக்குள்ளேயே கிராஃபைட் உண்டாக்கிக் கருப்பாக்குகிறார்கள். கதிர்வீச்சால் கருப்பாக்கிய கல்லை மெல்லிய விளிம்பில் பலமான டார்ச் வைத்துப் பார்த்தால் ஆழ்ந்த பச்சை தெரியும். இந்த மணிகளுக்கு 'இயற்கைக் கருப்பு' என்று சொல்லி விலை கேட்டால் கொடுக்காதீர்கள். பதப்படுத்திய மணி என்று சொல்லி, அதற்குரிய விலைக்குக் கொடுத்தால் வாங்கி அணியலாம், நிறம் போகாது.

போவது ஓரம்தான். விரிசல் நிறைந்த கல்லென்பதால் தட்டினால் சில்லுப் பெயரும், துளையோரத்தில் உடையும். துளையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் நூலை அறுத்துவிடும், ஆகவே தங்கக் கம்பியில் கண்ணி கண்ணியாகக் கோத்ததை எடுங்கள். ஒலி அதிர்வால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட வேண்டாம். ஒரு சரத்தில் நாலைந்து மணியை லூப்பில் பாருங்கள். மேற்பரப்பில் குழிகள் அதிகமிருந்தால் மெருகு நிற்காது.

நீலக்கல் போடச் சொன்னார் ஜோதிடர். அதற்குப் பதில் நீல வைரம் போடலாமா?
— வாசகர், திருநெல்வேலி

எதை அணிவது என்பதை அவரிடமே கேளுங்கள். கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறோம்: நீலக்கல் கொரண்டம் என்ற அலுமினிய ஆக்சைடு, வைரம் கார்பன். இரண்டும் வேறு வேறு இனம். 'ப்ளூ டயமண்ட்' என்று மலிவாக வருவதை நீலக்கல்லுக்கு மாற்றாக வாங்கினால் அது நீலக்கல்லும் ஆகாது, இயற்கை நீல வைரமும் ஆகாது.

கதிர்வீச்சு கொடுத்த கல்லை அணிந்தால் உடம்புக்குக் கெடுதலா?
— வாசகி, மதுரை

இப்போது எலக்ட்ரான் கற்றையில் செய்யும் கற்களால் ஆபத்தில்லை. அந்த முறையில் கல்லில் கதிரியக்கம் தங்குவதில்லை. அணு உலையில் வைத்த கற்களைக் கதிரியக்கம் பாதுகாப்பான அளவுக்கு இறங்கும்வரை நிறுத்திவைத்த பிறகே வெளியே விட வேண்டும் என்பது விதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேடியம் உப்பில் புதைத்துப் பச்சையாக்கிய சில கற்களில் மட்டும் இன்னும் கதிரியக்கம் உண்டு. மிகப் பழைய வெளிநாட்டு நகையில் பச்சை வைரம் இருந்தால் ஆய்வகத்தில் காட்டிவிடுங்கள்.

முதலீடாக நிற வைரம் வாங்கலாமா? ஏலத்தில் கோடிக்கணக்கில் போகிறது என்று படிக்கிறோமே.
— வாசகர், கோயம்புத்தூர்

2017இல் ஹாங்காங் ஏலத்தில் 59.60 காரட் பிங்க் ஸ்டார் 7.1 கோடி டாலருக்கு மேல் போனது உண்மை. 1987இல் ஒரு காரட்டுக்கும் குறைவான, 0.95 காரட் சிவப்புக் கல் 8,80,000 டாலருக்குப் போனதும் உண்மை. அந்த உயரத்தில் நடப்பதற்கும் நம் கடைக் கல்லுக்கும் தொடர்பில்லை.

வெள்ளை வைரத்துக்கு ராப்பபோர்ட் விலைப்பட்டியல் இருக்கிறது, வாங்குபவரும் விற்பவரும் அதை வைத்துப் பேசலாம். நிற வைரத்துக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு கல்லுக்கும் விலை தனிப்பேச்சு. விற்கப் போகும்போது இது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். ஃபேன்சி லைட் யெல்லோ, ஷாம்பெயின் என்று அழைக்கப்படும் பழுப்பு, கருப்பு ஆகியவற்றை முதலீடு என்று சொல்லி யாராவது விற்றால் ஏற்காதீர்கள். பழுப்பு அழகான நிறம், விலையும் கைக்கு அடக்கம், அணிய வாங்குங்கள்.

'ஆர்கைல் பிங்க்' என்று சொல்லி விலை கூட்டினால், சுரங்க நிறுவனமே கொடுத்த சான்றிதழையும் கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்த ஆர்கைல் எண்ணையும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

ஹால்மார்க் இருக்கிறது, சான்றிதழும் இருக்கிறது. பில்லில் வேறென்ன பார்க்க வேண்டும்?
— வாசகி, புதுச்சேரி

ஹால்மார்க்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யுஐடி என்ற நகை அடையாள எண்ணும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே உத்தரவாதம். கல்லைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. 'ஹால்மார்க் வைரம்' என்ற ஒன்றே கிடையாது.

சான்றிதழைக் கல்லோடு பொருத்திப் பார்ப்பதுதான் முக்கியம். பல கற்களில் 'கர்டில்' எனப்படும் இடுப்பு விளிம்பில் அறிக்கை எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். லூப்பில் விளிம்பை மெல்லச் சுழற்றினால் தலைமுடியைவிடச் சன்னமான எழுத்தில் தெரியும். பதிப்பின் கொக்கி மறைத்திருந்தால், எண் தெரியும் இடத்தில் பதித்துத் தரக் கேளுங்கள். அந்த எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு, வரும் விவரத்தைக் கையிலுள்ள தாளோடு ஒப்பிடுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். இயற்கைக் கல்லின் அறிக்கை எண்ணை அதே அளவுள்ள ஆய்வகக் கல்லில் பொறித்து விற்ற மோசடிகள் பிடிபட்டிருக்கின்றன. எடை, மில்லிமீட்டர் அளவுகள், ஃப்ளூரசன்ஸ் ஆகியவையும், உள்குறைகளின் வரைபடம் இருந்தால் அதுவும் சேர்ந்து பொருந்த வேண்டும். பெரிய தொகை என்றால் பணம் கட்டுமுன் கல்லை மறுபடி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்தச் செலவு கல் விலைக்கு முன் ஒன்றுமில்லை.

பில்லில் 'கல்: இயற்கை, நிறம்: இயற்கை' அல்லது பதப்படுத்திய முறை, அறிக்கை எண், நடுக்கல்லின் எடை தனியாக, பொடிக் கற்களின் எண்ணிக்கையும் எடையும் தனியாக இருக்க வேண்டும். '60 சென்ட் வைரம்' என்பது ஒரே கல்லா, இருபது கற்கள் சேர்ந்ததா என்பதில் விலை தலைகீழாகும். தங்க எடையில் கல் எடையைக் கழித்தார்களா என்றும் பாருங்கள். ஒரு காரட் 0.2 கிராம். மோதிரம் மொத்தம் 4.600 கிராம், கற்கள் 1.50 காரட் என்றால் கல் எடை 0.300 கிராம்; தங்கத்துக்குக் கணக்கு 4.300 கிராமுக்குத்தான்.

வாங்கிய நிற வைர மோதிரம் இறுக்கமாக இருக்கிறது. ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

கொடுக்கலாம். ஆனால் என்ன கல் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சொல்லாமல் கொடுப்பதால்தான் நிறம் கெடுகிறது. கதிர்வீச்சு கொடுத்த நீலமோ பச்சையோ பற்றவைக்கும் நெருப்பின் சூட்டில் மாறிவிடும்; மாறியது திரும்பாது. பூச்சு பூசிய கல் நெருப்பையும் தாங்காது, பற்றவைத்த பிறகு போடும் அமிலத்தையும் தாங்காது, மறுமெருகையும் தாங்காது. ஆசாரி பழக்கத்தில் செய்யும் அத்தனையும் அதற்குப் பகை. கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்து மறுபடி பதிக்கச் சொல்லுங்கள், அல்லது சூடு பரவாத லேசர் வெல்டிங் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

இயற்கைக் கல்லிலும் ஒன்று உண்டு. 'கமீலியன்' எனப்படும் ஆலிவ் பச்சை வைரம் சூடு பட்டாலோ, நாள்கணக்கில் இருட்டுப் பெட்டியில் இருந்தாலோ மஞ்சளாக மாறும். கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள்; வெளிச்சத்தில் சிறிது நேரம் வைத்தால் பச்சை திரும்பிவிடும்.

வீட்டில் கழுவ, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், குழந்தைகளுக்கான மென்மையான பல் துலக்கும் பிரஷ் போதும். கல்லின் அடிப்பக்கத்தில் படிந்த எண்ணெயும் சந்தனமும் பவுடரும்தான் நிறத்தை மங்கவைக்கும், அங்கேதான் தேய்க்க வேண்டும். பூச்சுக் கல்லென்றால் பிரஷ் வேண்டாம், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.